பேனா உயரும் இடம்: கேட் வரைபடம் உலாவிக்கு வந்த வரலாறு

ஒரு கட்டடத்தின் அல்லது இயந்திர உறுப்பின் கேட் வரைபடத்தை இன்று இணைய உலாவியிலேயே திறந்து பார்க்க இயலும். அதற்கு விலைமிக்க வடிவமைப்பு மென்பொருள் வேண்டியதில்லை. புள்ளிவிவரங்களைக் கோட்டுப்படமாகக் காட்டுவதற்கென எழுதப்பட்ட பிளாட்லி போன்றதொரு நிரல் நூலகமும், கோப்பைப் படித்துத் தரும் சிறு நிரலும் போதும். இதனை உலாவியின் வளர்ச்சி அளித்த கொடையாகக் கருதுவது வழக்கம். வரலாற்றை நோக்கின் அது பாதி உண்மையே. இவ்வாயில் திறந்தது உலாவி தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்னர்.

கணினித் திரையில் வரைவதன் வரலாறு பெரும்பாலும் 1963-இலிருந்து சொல்லப்படுகிறது. அவ்வாண்டு ஐவன் சதர்லண்ட், எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலை அளித்தார். டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையப்பட்ட கோடுகளை மட்டுமன்றி, அவற்றுக்கிடையேயான உறவுகளையும் அந்நிரல் நினைவிற்கொண்டது. இரு கோடுகள் இணையாக இருத்தல் வேண்டும் என்று பயனர் விதித்தால், நிரல் அவ்விதிக்கேற்பப் படத்தைத் திருத்தியமைத்தது.

தாளில் வரையும் கருவியின் வரலாறு இதனினும் முந்தையது. 1959-இல் வெளிவந்த கால்காம்ப் 565 என்னும் பிளாட்டரில் உருளை தாளை முன்னும் பின்னும் நகர்த்த, பேனா பக்கவாட்டில் நகர்ந்தது. பின்னர் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் தன் பிளாட்டர்களுக்கென உருவாக்கிய ஹெச்பி-ஜிஎல் மொழியின் அடிப்படை ஆணைகள் மிக எளியவை: பேனாவை உயர்த்து, பேனாவைத் தாழ்த்து, இன்ன புள்ளிக்குச் செல். எத்துணைச் சிக்கலான படமும் இறுதியில் இவ்வாணைகளின் தொடராகவே தாளை அடைந்தது. இரு கோடுகள் ஏன் இணையாக உள்ளன என்பதைப் பிளாட்டர் அறியாது. அறிய வேண்டிய தேவையும் அதற்கில்லை.

1982-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தோன்றி, அவ்வாண்டிலேயே ஆட்டோகேட் வெளிவந்தது. அதன் இயல்பான கோப்பு வடிவமான டிடபிள்யூஜியின் உள்ளமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. அதனைப் பிறர் தாமே ஆராய்ந்து அறிய நேர்ந்தது. அம்முயற்சியை ஒருங்கிணைக்க 1998-இல் ஒரு கூட்டமைப்பே உருவாயிற்று. ஆயினும் பிற மென்பொருள்களுடன் வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ள, டிஎக்ஸ்எஃப் என்னும் வடிவத்தை ஆட்டோடெஸ்க் விளக்க ஆவணத்துடன் வெளியிட்டது. அது பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரியில் குறியெண், அடுத்த வரியில் அதற்குரிய மதிப்பு என அது அமையும். ஒரு நேர்கோட்டிற்கு 8 என்னும் எண்ணின் கீழ் அடுக்கின் பெயரும், 10, 20 ஆகியவற்றின் கீழ்த் தொடக்கப் புள்ளியும், 11, 21 ஆகியவற்றின் கீழ் முடிவுப் புள்ளியும் இடம்பெறும். நோட்பேடில் திறந்தும் இதனைப் படிக்கலாம். உலாவிக்கான வாயில் என்று மேலே குறித்தது இதுவே.

உலாவியின் பங்கு பின்னர் வந்தது. 2001-இல் எஸ்விஜி இணையத் தரநிலையாயிற்று. 2011-இல் வெப்ஜிஎல் வெளிவந்தது. டி3 நூலகமும் அவ்வாண்டினதே. இவற்றின்மீது எழுந்த பிளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2015-இல் திறமூலமாக்கப்பட்டது. பைத்தானின் ஈஸிடிஎக்ஸ்எஃப் போன்ற நிரல் கோப்பைப் படித்துப் புள்ளிகளை எடுத்துத் தர, பிளாட்லி அவற்றைக் கோடுகளால் இணைக்கிறது. ஆயிரக்கணக்கான தனிக்கோடுகளை ஒரே தொடராக அளிக்கையில், ஒரு கோட்டின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையே ஒரு வெற்று மதிப்பு இடப்படும். அவ்விடத்தில் கோடு அறுபடுகிறது. பழைய பிளாட்டரில் பேனா உயர்ந்த இடம் அதுவே.

எனினும் தரவை வரையும் நூலகம் வரைபடத்தின் மரபை அறியாது. இரு அச்சுகளுக்கும் ஒரே அளவீட்டை வலிந்து விதிக்காவிடில் வட்டம் நீள்வட்டமாகும். பல்கோட்டின் வளைவை டிஎக்ஸ்எஃப் 42 என்னும் குறியெண்ணின்கீழ், வில்லின் மையக்கோணத்தில் கால்பங்கின் டேன்ஜென்ட் மதிப்பாகக் குறிக்கிறது. அரைவட்டத்திற்கு அது 1. இதனைப் படிக்கத் தவறும் நிரலில் அரைவட்டச் சுவர் நேர்ச்சுவராகத் தோன்றும். அலகைக் கவனியாவிடில் மில்லிமீட்டரும் அங்குலமும் ஒன்றாகும். இவற்றுள் எதற்கும் பிழைச்செய்தி வராது. படம் நேர்த்தியாகவே திரையில் நிற்கும்.

இந்திய நகரங்கள் பலவற்றில் கட்டட அனுமதிக்கான வரைபடங்கள் இன்று கணினிக் கோப்புகளாகவே பெறப்படுகின்றன. அவற்றைத் தனி மென்பொருளின் உரிமம் இன்றி எவரும் பார்க்க இயலுவது பொது ஆவணத்தின்மீது மக்களுக்குள்ள உரிமையைச் சார்ந்தது. அவ்வகையில் 1982-இன் எழுத்துக் கோப்பு இன்றும் பயன் தருகிறது. ஆனால் உலாவியில் காண்பது பிளாட்டர் கண்ட படமே. ஸ்கெட்ச்பேட் நினைவிற்கொண்ட உறவுகள், அதாவது ஒரு கோடு ஏன் அங்கே உள்ளது என்பதற்கான விடை, அதில் இல்லை. பார்க்கும் உரிமை பரவலாகிவிட்டது. சரிபார்க்கும் பொறுப்போ பார்ப்பவரிடமே எஞ்சியிருக்கிறது.