ஒரு புரதம், மூன்று முகங்கள்

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று சொல்லி விற்கப்படும் தூள்களும் பானங்களும் நமது ஊர்க் குழுமங்களில் தினமும் பகிரப்படுகின்றன. அந்தச் சக்தி கூடக் கூட நல்லதுதானா? வரலாற்றில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பழைய நோயாளர் பதிவேடுகளைப் புரட்டினார். தோலில் தொற்று ஏற்பட்டுக் கடுங்காய்ச்சல் வந்த ஒருவருடைய கழுத்துப் புற்றுநோய்க் கட்டி மறைந்துபோயிருந்தது. கோலி தனது நோயாளர்களுக்குப் பற்றீரியாவையே ஊசியாக ஏற்றினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. அந்தத் தொற்றாலேயே இறந்தவர்களும் உண்டு. காரணம் அன்று யாருக்கும் விளங்கவில்லை.

1975இல் அதே நகரில் லொயிட் ஓல்ட், எலிசபெத் கார்ஸ்வெல் குழுவினர் சுண்டெலிகளுக்கு பீ.சீ.ஜீ. கொடுத்தார்கள். நமது பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் போடும் அதே தடுப்பூசி மருந்துதான். பிறகு பற்றீரியா நஞ்சையும் ஏற்றினார்கள். அவற்றின் இரத்தத்தில் கட்டிகளை அழிக்கும் ஒரு பொருள் உருவானது. அதற்கு டீ.என்.எஃப். என்று பெயர் வைத்தார்கள். நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சைற்றோகைன் எனும் புரதங்களில் இதுவும் ஒன்று.

புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் நோயாளர்களுக்கு ஏற்றியபோது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழுந்தது. நீண்டகாலத் தொற்றின்போது உடலை உருக்கி மெலியவைக்கும் பொருளும் இதுவேதான் என்பது 1985இல் தெரியவந்தது.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி இருவரும் வேறு வழியில் யோசித்தார்கள். முடக்குவாதத்தில் மூட்டுகளை அரிப்பது மிதமிஞ்சிய டீ.என்.எஃப். என்றால், அதைத் தடுத்தால் என்ன? 1992இல் பரிசோதித்தார்கள். வலியும் வீக்கமும் குறைந்தன.

கதை அதோடு முடியவில்லை. இப்படித் தடுக்கும் ஒரு மருந்தைப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001இல் அறிக்கை வெளியானது. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி நிர்ப்பீடனக் கலங்கள் மதில் கட்டி வைத்திருக்கும். அந்த மதிலைத் தாங்குவதும் டீ.என்.எஃப்.தான்.

ஆக, கறிக்கு உப்புப் போலத்தான் இதுவும். குறைந்தாலும் கூடினாலும் கெடுதி.

நமது வீடுகளில் யாருக்காவது மூட்டுவாதத்துக்கு இவ்வகை ஊசி போடச் சொன்னால், முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள். தட்டிக் கழிக்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பயந்துகொண்டு ஊசியை நாமாக நிறுத்தவும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கலாம்.