காப்பி வந்த கதையும் கலைந்த உறக்கமும்

விடியுமுன் எழுந்து, ஒரு மங்கு கோப்பி-ஓ குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய பரம்பரை நம்முடையது. அந்தக் காப்பிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் முன்னோர் சிந்திய வியர்வையும் கலந்திருக்கிறது. இன்றைய மாணவச் செல்வங்களுக்கு ஒரு பாடமும் அதில் அடங்கியிருக்கிறது.

காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூபி ஞானிகள் இரவெல்லாம் கண்விழித்து இறைவனை நினைப்பதற்காகக் காப்பி அருந்தினார்கள். ஆக, அந்தக் காலத்திலேயே தூக்கத்தை விரட்டுவதுதான் அதன் வேலை! 1819ஆம் ஆண்டில் ரூங்கே என்னும் ஜெர்மன் நாட்டு இரசாயன அறிஞர், காப்பிக் கொட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே காஃபின். தேயிலையிலும் அது உண்டு.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இலங்கை மலைநாட்டில் காடழித்துக் காப்பித் தோட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் சனங்கள் கால்நடையாகவே காடு கடந்து அங்கே போனார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். 1869இல் அங்கே இலைத்துரு நோய் தலைகாட்டியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

காப்பித் துரைமார்கள் சிலர் மலாயாவுக்கு வந்து லிபேரிக்கா காப்பி நட்டார்கள். நம்மவர்கள் இங்கும் சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். 1890களின் பிற்பகுதியில் பிரேசிலில் விளைச்சல் பெருகியதால் காப்பி விலை படுத்துவிட்டது. துரைமார்கள் ரப்பருக்குத் தாவினார்கள். ஆனாலும் லிபேரிக்கா நம் ஜொகூர் மண்ணில் இன்றும் விளைகிறது. குளுவாங் ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக்கடையும் பேர் பெற்றது.

ரப்பர் மரத்தில் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறைந்துவிடும். அதனால்தான் நம் தாய் தந்தையர் இருட்டிலேயே எழ வேண்டியிருந்தது. அரைத் தூக்கத்தில் எழுந்தவர்களுக்குக் காப்பி துணை நின்றது.

அது எப்படித் தூக்கத்தை விரட்டுகிறது? நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்குக் கண் சொக்கும். காஃபின் முந்திக்கொண்டு அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. அலுப்பு தீரவில்லை, தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டு நீங்கவே, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. மாலை 6 மணிக்குக் குடித்தால் இரவு 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்! 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின், அதாவது சுமார் நாலு கோப்பைக் காப்பி அளவு, உட்கொண்டவர்களுக்குக் கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததாம்.

பெற்றோர்களே! தேர்வு வந்துவிட்டால் சில வீடுகளில் பிள்ளைகளுக்குக் கெட்டியாகக் காப்பி கலக்கிக் கொடுத்து, “கண் முழிச்சுப் படி” என்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் படித்த பாடம் மனத்தில் நன்கு பதிவதற்குத் தூக்கம் தேவை. தூக்கத்தைக் கெடுத்தால் படித்ததும் வீணாகும். பிள்ளைகளின் உடம்பு சிறியது; பெரியவருக்குப் பொருந்தும் அளவு அவர்களுக்குப் பொருந்தாது. கோலா பானங்களிலும், ஊக்கபானம் என்று டின்னில் விற்பதிலும் இதே காஃபின்தான் இருக்கிறது.

நம் முன்னோர் தூக்கத்தை விட்டது வயிற்றுப் பிழைப்புக்காக; அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம். பெரியவர்கள் காப்பியைக் காலையோடு நிறுத்திக்கொள்வோம். பிள்ளைகளை வேளையோடு படிக்க வைத்து, வேளையோடு உறங்க வைப்போம்.