பீட்டர், மாருதா, ஜுகாட்: முற்றத்தில் பிறந்த டீசல் வண்டிகளின் வரலாறு

பஞ்சாபின் ஊர்ப்புறங்களில் 'பீட்டர்' என்பது ஆள்பெயர் அன்று. கிணற்றடியில் நீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு அது பொதுப்பெயர். அந்த எஞ்சினைத் தூக்கிப் பொருத்திய சரக்கு வண்டி 'பீட்டர் ரேடா'. இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் யோவில் என்னும் சிற்றூரில் எஞ்சின் செய்த பெட்டர் குடும்பத்தின் பெயர், கடல் கடந்து வந்து உயிர் நீண்டு, கிறித்தவப் பெயரின் ஒலியைப் பெற்று, பஞ்சாபி விவசாயியின் வீட்டுச் சொல்லாகிவிட்டது. உரிமையாளர் பெயர் மறைந்து பொருட்பெயர் எஞ்சுவது மொழிகளில் அரிதன்று. ஆயினும் இந்தியாவில் டீசல் எஞ்சின் எவ்வழியாகச் சாலைக்கு வந்தது என்ற வினாவுக்கு, இந்த ஒரு சொல்லில் பாதி விடை உள்ளது.

மறுபாதி 'மாருதா' என்ற சொல்லில் இருக்கிறது. இதுவும் அதே வகை வண்டியின் பெயரே. இந்தியிலும் பஞ்சாபியிலும் ஈகார ஈறு பெண்பாலையும் சிறுமையையும், ஆகார ஈறு ஆண்பாலையும் பெருமையையும் காட்டும். சிறிய தள்ளுவண்டி ரேடி. மாடோ எஞ்சினோ இழுக்கும் பெரிய வண்டி ரேடா. நகரத்தார் ஓட்டிய சிறு கார் மாருதி. அந்தப் பெயரின் ஈற்றைப் பெண்பால் விகுதியாக எடுத்துக்கொண்டு, ஊரார் தம் முரட்டு வண்டிக்கு 'மாருதா' என்ற ஆண்பால் வடிவத்தைச் செய்துகொண்டனர். மாருதி என்பது அனுமனின் பெயர் என்பது எல்லோரும் அறிந்ததே. கேலிக்கு அது தடையாகவில்லை.

இச்சொற்களுக்குக் காலக் கணிப்பிலும் பயன் உண்டு. மாருதி 800 கார் முதன்முதலாக வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது 1983 டிசம்பர் 14 அன்று. ஆகவே 'மாருதா' வழக்கு அதற்குப் பிற்பட்டதாகவே இருக்க முடியும். 'பீட்டர்' அதற்கு முந்தைய அடுக்கு. இந்த வண்டிகளுக்குத் தொழிற்சாலை இல்லை, விலைப்பட்டியல் இல்லை, பதிவுச் சான்றும் இல்லை. ஆவணக் காப்பகத்தை நம்பும் வரலாற்றாசிரியர் இங்கே வெறுங்கையோடு திரும்ப நேரும். சொற்களும் பழைய எஞ்சின்களின் பெயர்த்தகடுகளுமே முதன்மைச் சான்றுகள்.

பெயர்த்தகட்டிலிருந்து தொடங்குவது நல்லது. இந்திய வயல்களில் பரவிய வேளாண் டீசல் எஞ்சின்களில் இரண்டு வகைகள் முதன்மையானவை. ஒன்று, குளோஸ்டர்ஷயரின் டர்ஸ்லியில் உருவான லிஸ்டர் சி.எஸ். நிமிடத்துக்கு 650 சுற்று, 6 குதிரைத்திறன், இருபுறமும் கனத்த ஃப்ளைவீல். இதன் நகல்களைக் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் பல பத்தாண்டுகள் வார்த்தெடுத்தன. பின்னாளில் அவை வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. மற்றொன்று, நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 குதிரைத்திறன் தரும் பெட்டர் ஏ.வி.1. அதன் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், வீச்சு 110 மில்லிமீட்டர். 1946இல் புனே அருகே தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் இதே பெயரிலும் இதே அளவிலும் எஞ்சின்களைச் செய்தது. பொறியியல் கல்லூரிகளின் வெப்பவியல் ஆய்வகங்களில் மாணவர் இன்றும் சோதனை செய்யும் எஞ்சின்களுள் அதுவும் ஒன்று. ஆய்வகத்தில் அசையாது நிற்கும் அந்த எஞ்சினின் உடன்பிறப்புகள்தாம் பஞ்சாபின் சாலைகளில் கோதுமை மூட்டையும் கல்யாண வீட்டாரையும் ஏற்றிச் சென்றன.

கிணற்றடி எஞ்சின் சாலைக்கு வந்ததன் காரணம் அதன் உடைமை வடிவத்தில் இருக்கிறது. கார் வாங்குபவர் எஞ்சினைத் தனியே வாங்குவதில்லை. விவசாயியோ எஞ்சினை மட்டுமே வாங்கினார். அது பெல்ட் மாட்டினால் நீர் இறைக்கும். பெல்ட்டை மாற்றினால் தீவனம் வெட்டும், கதிரடிக்கும். எஞ்சின் எதனோடும் நிலையாகப் பிணைக்கப்படாத, இடம்பெயரும் முதல். பாசனமில்லாப் பருவத்தில் அதை நான்கு போல்ட்டுகளால் மரச்சட்டத்தில் பூட்டி, கழித்துப்போட்ட ஜீப்பின் கியர் பாக்ஸையும் அச்சையும் ஸ்டியரிங்கையும் சேர்த்தால் வண்டி ஆயிற்று. நடவுக் காலம் வந்தால் எஞ்சின் மீண்டும் கிணற்றுக்குத் திரும்பும். மின்மோட்டார்கள் பெருகி டீசல் எஞ்சின்களுக்குக் கிணற்றடியில் வேலை குறைந்தபோது, பல எஞ்சின்கள் வண்டியிலேயே தங்கிவிட்டன.

இதை எளிதாக்கியது எஞ்சினின் வடிவமைப்பு. டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக்கும் கார்புரேட்டரும் இல்லை. காற்றை இறுக்கி எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு மின்கலமும் வேண்டியதில்லை. அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோலைத் தூக்கிவிட்டுக் கைப்பிடியால் சுழற்றி, வேகம் ஏறியதும் நெம்புகோலை விட்டால் போதும். தேய்மானமும் முன்னரே கணக்கிடப்பட்டிருந்தது. சிலிண்டர் தேய்ந்தால் லைனரை மட்டும் உருவி மாற்றலாம். கிராங்க் தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் கடைந்தெடுத்து அதற்கேற்ற தடித்த பேரிங்கைப் போடலாம். அடுத்த முறை இன்னொரு கால் மில்லிமீட்டர். வால்வும் அதன் இருக்கையும் பசையிட்டுக் கையால் தேய்த்தே பொருத்தப்படும். இந்த மாற்று அளவுகள் உற்பத்தியாளரின் உதிரிபாகப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தன. முற்றத்தில் எஞ்சினைப் பிரித்தவர் வடிவமைப்பாளரின் எண்ணத்தை மீறவில்லை, அதன்படியே நடந்தார்.

ஓர் உறுப்பு மட்டும் முற்றத்துக்கு அடங்கவில்லை. எரிபொருளை மிகை அழுத்தத்தில் செலுத்தும் பம்பும் நாசிலும் மைக்ரான் அளவு துல்லியம் கோருபவை. 1951இல் பெங்களூரில் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைக்கோ, இவற்றை இந்தியாவில் செய்தது. பம்பைக் கழற்றி நகரத்துச் சோதனைக் கடைக்கு எடுத்துச் சென்று திருத்திக்கொண்டு வருவதே வழக்கம். சாக்கு மூட்டையில் கட்டிய பம்போடு பேருந்தில் போகும் விவசாயியை மறந்துவிட்டுத் 'தற்சார்பு' பற்றிப் பேசுவது பொருந்தாது. வீட்டுப் பழுதுபார்ப்பு என்பது ராஜ்கோட் வார்ப்பாலை, பெங்களூர்த் துல்லியக் கருவி, பழைய இரும்புச் சந்தை ஆகியவற்றின் கடைக்கண்ணி.

இரண்டாவது மரபு ஜீப்பினுடையது. இது ஓரளவு வசதியுள்ளவர்களின் மரபு. மஹிந்திரா 1947 முதல் இந்தியாவில் பூட்டிய வில்லிஸ் ஜீப்புகள் பெட்ரோல் வண்டிகள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் செலவு கையைக் கடித்தது. டீசலின் விலையையோ அரசு தாழ்வாகவே வைத்திருந்தது. ஜீப்பையும் அதன் பிக்கப் வடிவங்களையும் வைத்திருந்தவர்கள் எஞ்சினை மாற்றத் தொடங்கினர். வண்டியை வைத்துக்கொண்டு பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் டீசலைப் பூட்டும் முறை உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1932இல் தொடங்கிய பெர்க்கின்ஸ் நிறுவனம் பெரிதும் இவ்வகை மாற்றங்களால் வளர்ந்தது. அதன் எஞ்சின்களைச் சென்னையின் செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் 1950களில் உரிமம் பெற்றுச் செய்தது. மஹிந்திரா தானும் 1979இல் பிரான்சின் பெஜோவிடம் எக்ஸ்.டி.பி. 4.90 டீசலுக்கு உரிமம் பெற்றது. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதே அந்த எண்ணின் பொருள்.

எஞ்சின் மாற்றம் என்பது ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றும் வேலையாகத் தோன்றும். அப்படியன்று. கிளட்ச் உறையின் துளைகள் பொருந்தாதபோது இடைத்தகடு கடைய வேண்டும்; அதன் மையம் சிறிது விலகினாலும் கியர் பாக்ஸின் முன்பேரிங் உடையும். டீசல் குறைந்த சுற்றில் உழைப்பதால் பழைய பல்விகிதத்தில் வண்டி வேகம் எடுக்காது. பின்னச்சின் விகிதத்தையும் மாற்ற நேரும். கனம் கூடுவதால் முன் வில்பட்டைகள் தாழும். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பிரேக்குக்கு வலுவூட்டிய வண்டியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பெட்ரோல் எஞ்சினின் காற்றுவழி மூடி அந்த வெற்றிடத்தை உண்டாக்கும். டீசலில் அம்மூடி இல்லை. தனி வெற்றிடப் பம்பு வைக்க மறந்தால் வண்டி ஓடும், நிற்காது. ஓர் உறுப்பை மாற்றினால் முழு அமைப்பும் மறுசீரமைப்புக் கோரும் என்று அமைப்பியல் மொழியியல் சொல்வதை மெக்கானிக்குகள் பிரேக் மிதியின் வழியே கற்றனர்.

கற்பித்தவர்களின் பெயர்களும் கலப்பினமே. 'உஸ்தாத்' பாரசீக வழி வந்தது. 'மிஸ்திரி' போர்த்துகீசிய மெஸ்த்ரேயின் வழித்தோன்றல். தமிழில் அது மேஸ்திரியாகிக் கட்டட வேலைக்குப் போய்விட்டது. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' நூலில் இத்தகைய தொழில்நுட்பங்களைக் 'கிரியோல்' என்கிறார். உருவகம் பொருத்தமானது. கிரியோல் மொழி சிதைந்த ஐரோப்பிய மொழி அன்று, தனக்கெனத் தனி இலக்கணம் உள்ளது என்பதை மொழியியல் நிறுவியுள்ளது. சௌராஷ்டிரத்தின் சக்கடா வண்டி அத்தகையது: முன்பாதி புல்லட் மோட்டார் சைக்கிள், பின்பாதி சுமைத்தொட்டி, பல வண்டிகளில் இடையே நீர் இறைக்கும் டீசல் எஞ்சின். அம்ரேலி மாவட்டத்தின் மன்சுக்பாய் ஜகானி 1994இல் இதே வழியில் புல்லட்டை உழும் கருவியாக்கினார்.

இதற்கு மாறாக, 2012இல் வந்த 'ஜுகாட் இன்னோவேஷன்' போன்ற மேலாண்மை நூல்கள் ஒரு வண்டியின் பெயரை எடுத்து மனப்பான்மையின் பெயராக்கின. பெயர் மேலேறியது, இரும்பும் எண்ணெயும் கூலியும் கீழே நின்றுவிட்டன. வண்டி ஏற்படுத்திய விபத்துகளும் அவ்வாறே. இந்த வண்டிகளில் பலவற்றுக்கு நம்பத்தக்க பிரேக் இல்லை, விளக்கு இல்லை. காப்பீடு இல்லாததால் மோதுண்டவருக்கு இழப்பீடு கிடைக்கவும் வழியில்லை. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் எதிர் சந்தோஷ் வழக்கில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஜுகாட் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)ஆம் பிரிவின்படி மோட்டார் வாகனமே என்றும், பதிவின்றிச் சாலையில் ஓடலாகாது என்றும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோரின் பக்கமிருந்து பார்த்தால் அத்தீர்ப்பைக் குறைகூற இடமில்லை.

கவனம் வேண்டுவது சட்டத்தின் மற்றொரு பிரிவு. 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடக்க வடிவத்திலும், வண்டியை மாற்றுபவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதே விதி. மாற்றத்தை ஒப்பிட வைத்திருந்த மூலபாடம் பதிவுச் சான்று; அது திருத்தத்தக்க ஆவணம். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் 52ஆம் பிரிவில் மூலபாடத்தையே மாற்றியது: உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வண்டி வேறுபடக் கூடாது. எரிபொருள் வகையை மாற்றுதல் போன்றவற்றுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. ஆயினும் பாடபேதத்தை ஏற்ற மரபு போய், ஆசிரியர் பிரதி மட்டுமே செல்லும் என்ற நிலை வந்தது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பாதுகாப்பற்ற வண்டியைத் தடுப்பதும், நன்கு செய்த எஞ்சின் மாற்றத்தைச் சோதித்து ஏற்க மறுப்பதும் ஒன்றல்ல. ஆய்வு செய்து ஒப்புதல் தரும் அலுவலகத்தை வலுப்படுத்தியிருந்தால் முதலாவது நிறைவேறியிருக்கும். உரிமையாளரின் கையிலிருந்து எஞ்சினைப் பிரித்தெடுக்கத் தேவை நேர்ந்திராது.

அதற்குள் எஞ்சினும் மாறிவிட்டது. 2005இல் டாடா ஏஸ் என்ற சிறு டீசல் சரக்கு வண்டி, கடன் வசதியோடும் பதிவு எண்ணோடும், ரேடாவின் வேலையைச் செய்ய வந்தது. பின்னர் வந்த பொதுக்குழாய் எரிபொருள் முறையும் மின்னணுக் கட்டுப்பாடும் நாடெங்கும் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளும் முற்றத்தின் ஸ்பேனருக்கு எட்டாதவை. புகை குறைந்தது உண்மையான நன்மை. டெல்லித் தலைநகர வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. எஞ்சினின் ஆயுள் அதுவரை லைனரின் தேய்மானத்தால் அளக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் அந்த ஆணை அதை நாட்காட்டியால் அளந்தது.

2022 ஏப்ரலில் பஞ்சாபில் ஜுகாட் வண்டிகளைத் தடுக்குமாறு காவல்துறை பிறப்பித்த ஆணை, எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. அப்போது பேசப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை பழைய மோட்டார் சைக்கிளின் பின்னே தொட்டி பூட்டியவை. டீசல் இல்லை, பீட்டரும் இல்லை. அவற்றுக்கு ஊரார் வழங்கும் பெயரில் ஆகார ஈறும் இல்லை: ஜுகாடு ரேடி.