மெஸ் என்னும் சொல்லின் வரலாறு

ஊரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து இறங்கிய தமிழ் இளைஞன், வங்காள மொழியில் நான்கு சொற்களைக் கற்குமுன்பே கற்றுக்கொண்ட சொல் 'மெஸ்' என்பது. ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் நம் பேரப்பிள்ளைகளுக்கோ அச்சொல் குப்பை, குழப்பம் என்ற பொருளையே முதலில் தருகிறது. தாத்தா பத்தாண்டு மெஸ்ஸில் இருந்தார் என்றால் அவர்கள் நகைக்கிறார்கள். ஒரே சொல் இரு தலைமுறைக்கு இரு பொருளாய் நின்ற வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அனுப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையொன்றே இதன் வேர். அடுக்களையிலிருந்து உண்பவர்முன் அனுப்பப்படுவது எது? உணவு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்தபோது, ஒருவர்க்கு ஒரு வேளைக்கு வைக்கும் உணவையே அது குறித்தது. ஏசா ஒரு கலம் கூழுக்குத் தன் தலைமகனுரிமையை விற்ற கதையை ஆங்கிலேயர் கூறும்போது அக்கூழுக்கு இச்சொல்லையே வழங்குவர். பின்னர், சேர்ந்துண்ணும் குழுவினர்க்கு அது பெயராயிற்று. இலண்டனின் பழைய வழக்கறிஞர் சங்கங்களில் நால்வர் கூடியுண்ணும் தொகுதிக்கு அப்பெயர் உண்டு. கப்பலும் படையும் அப்பொருளையே ஏற்றன. பின்னர்க் கலந்து குழம்பிய தீனியைக் குறித்து, 19ஆம் நூற்றாண்டில் சீர்கேட்டையே குறிக்கலாயிற்று. நம் மொழியிற் சொன்னால், சோறு சேறாயிற்று!

ஆயின் கல்கத்தா அச்சொல்லைச் சேறாக விடவில்லை. மாவட்டங்களிலிருந்து கல்விக்கும் எழுத்தர் வேலைக்கும் வந்த வங்காளிகள் கூட்டாக வீடெடுத்து, கூட்டாகச் சமைப்பித்து, அதனை 'மெஸ் பாடி' என்றனர். பாடி என்பது வீடு. உறுப்பினருள் ஒருவர் முறைவைத்து மேலாளராவார். சந்தைச் செலவை அவரே பார்ப்பார். மாத இறுதியில் மொத்தச் செலவை உண்ட வேளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு 'மீல்' இவ்வளவு என முடிவு செய்வார். சமையற்காரரை அவர்கள் 'தாக்கூர்' என்பர். தெய்வத்துக்கும் அதுவே பெயர். பசித்தவர் மொழியில் இதில் முரண் ஏதும் இல்லை.

அன்றைய ஹாரிசன் சாலை, இன்றைய மகாத்மா காந்தி சாலையிலிருந்த பிரசிடென்சி போர்டிங் ஹவுஸில் கவிஞர் ஜீபனானந்த தாசும், துப்பறியும் பியோம்கேஷைப் படைத்த சரதிந்து பந்த்யோபாத்யாயும் வாழ்ந்தனர். நகைச்சுவையாளர் சிப்ராம் சக்கரவர்த்தி முக்தாராம் பாபு தெரு மெஸ்ஸொன்றிலேயே நெடுங்காலம் கழித்தார். 1953இல் வெளிவந்த 'ஷாரே சுயாத்தோர்' என்னும் திரைப்படத்தின் களமே ஒரு மெஸ்தான்.

நம்மவர் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் இந்நகருக்கு வந்தபோது இவ்வமைப்பை அப்படியே ஏற்றனர். லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூப் பகுதிகளில் தமிழர் வாழ்வு வேரூன்றியது. ஒரு வேறுபாடு உண்டு. சனிக்கிழமை மாலை வங்காளியின் மெஸ் காலியாகும். அவர் ஊர் அடுத்த மாவட்டத்தில். சென்னையோ ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தொலைவு. கோரமண்டல் விரைவு வண்டியே 1977இல்தான் வந்தது. நம் மெஸ் சனிக்கிழமைதான் நிறையும். ஊர்க்கடிதம் உரக்கப் படிக்கப்பெற்றதும், தங்கை திருமணத்துக்குக் கடன் கிடைத்ததும் அங்கேதான்.

தமிழ்நாட்டிலோ திருவல்லிக்கேணியிலும் மயிலையிலும் மதுரையிலும் மெஸ் என்பது உண்ணுமிடம் மட்டுமே. 'மகன் மெஸ்ஸில் தங்கியிருக்கிறான்' என்று கேட்ட தாய், சாப்பாட்டுக் கடையிலா படுக்கிறான் என்று கலங்கியிருப்பாள்.

சேர்ந்துண்ணல் என்றதும் யாருடன் என்னும் வினா எழும். வங்காளியர் மெஸ்கள் போலவே நம் மெஸ்கள் பலவும் ஊரும் வகுப்பும் பார்த்தே அமைந்தன; மறைப்பதிற் பயனில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி பற்றி 1924-25இல் எழுந்த பூசலைத் தமிழர் அறிவர். இங்கும் அதற்கு முன்பே அந்நோய் உண்டு. 1911இல் பிரசிடென்சி கல்லூரியிற் சேர்ந்த மேகநாத் சாகா, ஈடன் இந்து விடுதியில் தம்முடன் உண்ண மறுத்த மாணவரிடையே வாழ நேர்ந்தது. பின்னர் அவர் நண்பர்களுடன் காலேஜ் தெருவில் ஒரு மெஸ்ஸிற் குடியேறினார். விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து 1920இல் உலகப்புகழ் பெற்ற அவ்வறிஞர்க்கு ஒருங்கே உண்ணும் உரிமையை அளித்தது, பெரிய விடுதியன்று, சிறிய மெஸ்ஸே.

இன்று மெஸ் வீடுகள் அருகிவிட்டன. சால்ட் லேக்கிலும் ராஜர்ஹாட்டிலும் பணிபுரியும் நம் இளைஞர் 'பி.ஜி.' என்கின்றனர், உணவு கைப்பேசி வழி வந்து அவரவர் அறைக்கதவைத் தட்டுகிறது. பழைய மெஸ்ஸின் 'மீல்' கணக்கு நோட்டு எவர் இல்லப் பரணிலேனும் கிடப்பின், பழைய தாள் வாங்குவோரிடம் போடவேண்டா. எந்த மாதம் யார் யார் ஒரே பந்தியில் உண்டனர், யார் பெயர் எப்போது சேர்ந்தது என்பதற்கு வேறு சான்று நம்மிடம் இல்லை.