காத்திருத்தலும் காத்தலும்

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் சுட்டதில் 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். பள்ளியைச் சுற்றி வளைத்துச் சிறப்புப் படைக்காகக் காத்திருப்பதே அந்நாளில் காவலர் நெறி. அதற்குள் அவ்வாசிரியர் பல மணி நேரம் குருதி சிந்தி உயிர் நீத்தார். பின்னர் நெறி மாறியது: முதலில் வந்து சேரும் காவலரே தாமதமின்றி உள்ளே நுழைந்து கொலைஞனைத் தடுத்தல் வேண்டும்.

ஆயினும் 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி நகரின் தொடக்கப்பள்ளியில், கொலைஞன் நுழைந்து 77 நிமிடம் கழிந்த பின்னரே காவலர் அவனை வீழ்த்தினர். 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியாயினர். நெறி இருந்தும் காவலர் வெளியே காத்து நின்றனர்.

ஓநாய் வரும் வேளையிலேதான் கூலியாள் யார், ஆயன் யார் என்பது வெளிப்படும் என்பதை நாம் அறிவோம். பயிற்சி வழியைக் காட்டும். அவ்வழியே உள்ளே செல்லும் துணிவை அன்பே அளிக்கும். அவ்வன்பை நாம் அன்றாடம் பயில்வோமாக.