பட்டமும் நடுவர் உரிமையும்: பால்ரூம் நடனப் போட்டியில் ஆட்சி அமைப்புகளின் பிளவு – சதுரங்கப் பிளவோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஒரே போட்டித் துறையில் இரண்டு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் வழங்கினால், உண்மையான வெற்றியாளர் எவர் என்னும் வினா எழுகிறது. சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்தின் ஆட்ட வாழ்வு வழியே தமிழர் இவ்வினாவை அறிவர். ஆணும் பெண்ணும் இணையாக ஆடும் பால்ரூம் நடனத்திலும் இதே வினா எழுந்தது. சதுரங்கத்தில் பிளவு நீங்கியது, நடனத்தில் நீங்கவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு அமைப்புகளின் தோற்றம்

1950இல் எடின்பரோவில் தோன்றிய பன்னாட்டு பால்ரூம் நடன மன்றம் தொழில்முறை ஆடுநரையும் ஆசிரியரையும் சார்ந்தது. 2006 முதல் அது உலக நடன மன்றம் எனப்படுகிறது. பயில்முறை ஆடுநருக்கான பன்னாட்டு அமைப்பு 1957இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் உருவானது. அது 1990இல் பன்னாட்டு நடன விளையாட்டுக் கூட்டமைப்பு எனவும், 2011இல் உலக நடன விளையாட்டுக் கூட்டமைப்பு எனவும் பெயர் மாறியது. தொழில்முறை ஒருபுறம், பயில்முறை மறுபுறம் என்பதே இவ்விரு அமைப்புகளுக்கும் இடையிலான எல்லையாக இருந்தது.

எல்லை அழிதல்

1997இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இக்கூட்டமைப்பை அங்கீகரித்தது. ஒரு விளையாட்டுக்குப் பன்னாட்டளவில் ஓர் ஆட்சி அமைப்பையே ஒலிம்பிக் முறை ஏற்கும். ஆதலின் தொழில்முறை ஆடுநரும் கூட்டமைப்பின் கவனத்துக்குரியவராயினர். மன்றம் 2007இல் தனக்கெனப் பயில்முறைக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. கூட்டமைப்பும் தனக்கெனத் தொழில்முறைப் பிரிவை அமைத்தது. தன் ஒப்புதல் பெறாத போட்டிகளில் பங்கேற்பதைக் கூட்டமைப்பின் விதிகள் கட்டுப்படுத்தின. ஆடுநரும் நடுவரும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டிய நிலை உருவாயிற்று. போட்டிக்குரிய ஆண்டுகள் சிலவே ஆதலின், இதன் இழப்பை ஆடுநரே மிகுதியும் சுமந்தனர்.

சதுரங்கம் காட்டும் வேறுபாடு

1993இல் காஸ்பரோவும் நைஜல் ஷார்ட்டும் ஃபிடே எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பிலிருந்து விலகித் தொழில்முறைச் சதுரங்கச் சங்கத்தின்கீழ் ஆடினர். ஆனந்த் இரு மரபுகளிலும் போட்டியிட்டார். 1995இல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் தோற்றார். 2000இல் டெஹ்ரானில் நடந்த இறுதிச் சுற்றில் ஷிரோவை வென்று ஃபிடே பட்டம் பெற்றார். 2006இல் எலிஸ்டாவில் கிராம்னிக் டோபலோவை வென்றபோது இரு பட்டங்களும் ஒன்றாயின. ஒன்றுபட்ட பட்டத்தை ஆனந்த் 2007இல் மெக்சிகோ நகரில் வென்றார். 2008இல் பான் நகரில் கிராம்னிக்கை வென்று அதைத் தக்கவைத்தார்.

இரு வெற்றியாளரை எதிரெதிரே அமர்த்தியதால் சதுரங்கத்தில் ஒற்றுமை கைகூடியது. வெற்றியைப் பலகையே காட்டிவிடும். அமைப்பின் மதிப்பீடு அங்குத் தேவையில்லை. நடனத்தின் இயல்பு வேறு. இறுதிச் சுற்றில் இணைகளை வரிசைப்படுத்துவோர் நடுவர். அந்நடுவருக்கு உரிமம் அளிப்பது அமைப்பு. ஆகவே, இரு தரப்பின் வெற்றியாளரும் ஒரே அரங்கில் ஆடினாலும், எத்தரப்பு நடுவர் தீர்ப்பளிப்பது என்னும் சிக்கல் எஞ்சும்.

முடிவுரை

பட்டங்களை இணைக்க ஓர் ஆட்டம் போதும். தீர்ப்பளிக்கும் உரிமையை இணைக்க ஓர் ஆட்டம் போதாது. நடன அமைப்புகளின் பிளவு நீடிப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கூட்டமைப்பின் வழியே இடம்பெற்ற நடனம் பிரேக்கிங், பால்ரூம் அன்று. எந்த அங்கீகாரம் பழைய எல்லையை அழித்ததோ, அது பால்ரூம் ஆடுநருக்கு ஒலிம்பிக் அரங்கை இதுவரை திறந்துவிடவில்லை.