42 லிபரேட்டர்கள்

பெங்களூரு பழைய ஏர்போர்ட் ரோட்டில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. 2001இல் திறந்தார்கள். போகிறவர்கள் பெரும்பாலும் மாருத் போர் விமானத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பின் ஒரு பராமரிப்புப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தினேன். புது பேட்ச் சேர்ந்ததும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். மாருத்தைத் தாண்டி, நேராக எஞ்சின் கூடத்துக்கு. உள்ளுறுப்புகள் தெரிய வெட்டி வைத்திருக்கும் எஞ்சின்களுக்கு நடுவே நிறுத்தி, லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் கதையைச் சொல்வேன். நம் நாட்டின் விமானத் தொழிலில் முதலில் முதிர்ந்த கலை பழுது பார்த்தலே என்பது என் உறுதியான எண்ணம். விமானம் கட்டும் துணிச்சல் அதற்கு அப்புறம் வந்தது.

எச்.ஏ.எல். ஆலை தொடங்கியது விமானம் கட்டுவதற்காகத்தான். 1940 டிசம்பர் 23 அன்று தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் பங்கோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தைப் பதிவு செய்தார். இயந்திரங்களும் நிபுணர்களும் அமெரிக்கரான வில்லியம் பாலி மூலம் வந்தார்கள். 1941இல் ஹார்லோ பயிற்சி விமானம் பறந்தது. 1942இல் கர்டிஸ் ஹாக் ஒன்று பறந்தது. அதற்குள் பர்மாவில் ஜப்பானியப் படை புகுந்துவிட்டது. வால்சந்தின் பங்கை இந்திய அரசு வாங்கிக்கொண்டது. 1943இல் நிர்வாகம் அமெரிக்க விமானப்படையின் கைக்குப் போனது. புது விமானம் கட்டும் வேலை நின்றது.

சீன, பர்மா, இந்தியப் போர்முனையில் அடிபட்ட, தேய்ந்த விமானங்கள் பெங்களூருக்கு வரத் தொடங்கின. மிட்செல், டகோட்டா, லிபரேட்டர், கேட்டலினா. கேட்டலினா தண்ணீரில் இறங்கும் ரகம். அவை பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின. இன்றைக்கு அந்த ஏரியைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அல்சூரிலிருந்தும் கண்டோன்மென்டிலிருந்தும் வேலைக்குப் போனவர்களில் தமிழர்கள் நிறைய. தச்சு, தகரம், கொல்லு என்று ஏதாவது ஒரு வேலை தெரிந்தவர்கள், அலுமினியத் தகட்டையும் ரிவெட்டையும் அங்கேதான் கற்றார்கள். அந்த ஆலையே ஒரு பயிற்சிப் பள்ளி. தவறினால் ஆள் சாவான் என்ற பயத்தோடு நடந்த பள்ளி.

போர் முடிந்ததும் வேலை வற்றியது. ரயில் பெட்டி கட்டினார்கள், பேருந்துக்கு உடல் கட்டினார்கள். பயணிகள் விமானமாக மாற்ற டகோட்டாக்கள் வந்தன. அடுத்து வந்தது கான்பூர்.

பிரிட்டிஷ் விமானப்படையிடம் இருந்த லிபரேட்டர்கள் அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை. ஒப்பந்தப்படி, போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்; வைத்துக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். இரண்டும் செய்ய மனமில்லாமல் கான்பூர் திடலில் நிறுத்தி, இனி யாரும் பறக்கவிட முடியாதபடி உடைத்தார்கள். உடம்பில் ஓட்டை போட்டார்கள். எஞ்சினில் மண் கொட்டினார்கள். கருவிகளை நொறுக்கினார்கள். அந்தக் குவியலை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

சுதந்திர இந்தியாவுக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணமில்லை. கான்பூர் குவியலிலிருந்து தேறுவதைத் தேற்றித் தர எச்.ஏ.எல். ஒப்புக்கொண்டது. அங்கேயே ஒட்டுப்போட்டு, பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. தூரம் சுமார் 1,500 கிலோமீட்டர். ஓட்டி வந்தவர் ஆலையின் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி. அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். மண் கொட்டிய எஞ்சினை யாரோ ஒரு ஃபிட்டர் கழுவிப் பூட்டி “சரி” என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் முன்ஷி வானத்தில் ஏறினார்.

அந்த எஞ்சின், பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். வட்டமாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு விமானத்துக்கு நான்கு எஞ்சின், ஆக 112 பிளக்குகள். மண் விழுந்த எஞ்சினைத் துடைத்து ஓட்டிவிட முடியாது. முழுக்கப் பிரிக்க வேண்டும். பேரிங்கில் ஒரு பொட்டு மணல் தங்கினாலும் எண்ணெயோடு சுற்றி எல்லாவற்றையும் அராவிவிடும். ஓட்டை விழுந்த தகடு இன்னொரு வேதனை. கிழிந்த விளிம்பை வெட்டி, விரிசல் ஓடாதபடி மூலைகளை வட்டமாக்கி, பேட்ச் வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. வெளியே ஒருவர் ரிவெட் கன் பிடிப்பார், உள்ளே ஒருவர் டாலி என்ற இரும்புக் கட்டியை அழுத்திக் கொடுப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சத்தத்தை வைத்தே இருவரும் ஒத்துப்போக வேண்டும்.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் எனக்குப் பாடம் சொன்ன வாரன்ட் ஆபீசர் ஒருவர், இளம் வயதில் லிபரேட்டரில் வேலை பார்த்தவர். அதன் குண்டு அறைக் கதவு கடை ஷட்டர் மாதிரி உடம்போடு ஒட்டிச் சுருண்டு மேலே ஏறும் என்று கையை ஏற்றிக் காட்டுவார். “ஸ்பிளிட் பின்னை மறுபடி உபயோகிக்காதே, லாக்கிங் ஒயரை இறுகும் திசையில் கட்டு, கருவியை எண்ணாமல் கவுலிங்கை மூடாதே” என்பார். இந்த மூன்றையும் பிற்பாடு என் பிள்ளைகளுக்கு அப்படியே சொன்னேன். எந்தக் கையேட்டிலும் இருக்கிற விதிகள்தான். ஆனாலும் அவர் வாயிலிருந்து கேட்டபோது மனதில் பதிந்த மாதிரி கையேட்டைப் படித்துப் பதியவில்லை.

மொத்தம் 42 லிபரேட்டர்கள் தேறின. 1948 நவம்பரில் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. பிறகு கடல் ரோந்துக்கும் போயின. மற்ற நாடுகள் கழித்துக் கட்டிய பிறகும் இந்தியாவில் 1968 வரை அவை பறந்தன. அப்போது உலகம் விழித்துக்கொண்டது. 18,000க்கும் மேல் தயாரித்த விமானத்தில் முழுசாக மிஞ்சியவை சிலவே. கனடா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று போனது. லண்டன் ஹெண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்பதும் இந்தியா கொடுத்ததுதான். உடைத்துப் போட்டவர்களே மாதிரிக்கு ஒன்று வேண்டுமென்று வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்றை அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்து, 1989இல் மறுபடி பறக்கவிட்டது. நம்மிடம் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.

1951இல் அதே ஆலையின் பொறியாளர் காட்கே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் பறந்தது. ஓட்டியவர் அதே முன்ஷி. பத்து வருஷம் கழித்து, ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் உருவான மாருத் பறந்தது. பிறர் கட்டியதைப் பிரித்துப் பிரித்துப் படித்த கைகள் அந்த ஆலையில் இல்லாமல் இவை வந்திருக்காது. அருங்காட்சியகம் விமானங்களின் பெயரைச் சொல்கிறது, வடிவமைத்தவர் பெயரையும் ஓட்டியவர் பெயரையும் சொல்கிறது. மண்ணைக் கழுவியவர், டாலி பிடித்தவர் பெயர்களும் அங்கே எழுதப்பட வேண்டும். பராமரிப்பு படிக்க வருகிற பையனும் பெண்ணும் தங்கள் முன்னோர் யார் என்று அங்கே பார்க்க வேண்டும்.

அல்சூர், முருகேஷ்பாளையா, விமானபுரா வீடுகளில் இன்னும் பழைய டிரங்குப் பெட்டிகள் இருக்கும். உங்கள் தாத்தா அந்த ஆலையில் வேலை பார்த்தவரானால் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடையாள வில்லை, நோட்டுப் புத்தகம், ஸ்பேனர் எது கிடைத்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். குழுவாக எடுத்த படம் இருந்தால், முகம் அடையாளம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதன் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வாங்கிவிடுங்கள்.